படிவத்தில் மூன்று கோடுகள்

"இந்தப் பன்னிரண்டு வாரங்களில் கற்றது என்ன?"
என்று கேட்டுவிட்டு
மூன்றே கோடுகள் விட்டிருக்கிறது பல்கலைக்கழகம்.
அவசரத்தில் முதல் கோட்டிலேயே
என் பெயரை எழுதித் தொலைத்தேன்:
யாஸ்னா ஒயார்சூன்.
மிச்சம் இரண்டு.

வால்திவியாவில் ஜூன் என்றால் மழை.
ஜூலை என்றாலும் அதேதான்.
பேருந்திலிருந்து இறங்கி உள்ளே வருகிற எல்லோர் மேலும்
விறகுப் புகை நாற்றம்,
என் மேலும்.
குடைகள் சொட்டுவதற்கு வாசலில் ஒரு வாளி.
அது நிரம்ப நிரம்பக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான்
முதல் வாரம் நான் படித்த நூலகவியல்.

இரண்டாம் வாரம் பார்கோடு.
மூன்றாம் வாரமும் பார்கோடு.
ஒட்டு, தேய், பீப்.
என்னோடு சேர்ந்த நாவுவெல்
காதில் பாட்டை மாட்டிக்கொண்டு
நாளைக்கு நானூறு ஒட்டினான்.
நான் இருநூற்றுப் பத்து.
ஒட்டும்முன் திறந்து பார்க்கிற வியாதி எனக்கு.
ஒரு புள்ளியியல் நூலில் காய்ந்த திராட்சைக் காம்பு.
ஒரு சட்ட நூலின் ஓரத்தில், பென்சிலில்,
அழுத்தமாக: பொய்.

நான்காம் வாரம் இரவல் மேசைக்குப் போய்
வேறு வேலை இருக்கிறதா என்றேன்.
மிர்த்தா தலை நிமிரவில்லை.
இழுப்பறையிலிருந்து ஒரு தாளை மட்டும் தள்ளினாள்.
காணவில்லை: அறுபத்து மூன்று.
"யாருக்கும் நேரமில்லை. உனக்கு இருந்தால் பார்."

கேட்காமல் கிடைத்தது வாளி.
கேட்டுக் கிடைத்தது இது.

திருடியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.
அப்புறம், இரவு எட்டே முக்காலுக்கு
கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டு
புத்தகம் அடுக்குகிற ஒருவனாக
என்னையே நிறுத்திப் பார்த்தேன்.
அவன் கண்ணுக்கு 579, 597 ஆகும்.
579 காளான்.
597 மீன்.

மீன்களின் அடுக்குக்குப் போனேன்.
மத்திக்கும் நெத்திலிக்கும் நடுவே
மூச்சை அடக்கிக்கொண்டு
ஆறு வருஷமாக நின்றிருந்தது
தெற்குக் காட்டுக் காளான்களின் கையேடு.

அதைக் கேட்டவள் ரயேன் அந்திலெயோ,
வனவியல், இரண்டாம் ஆண்டு.
மூன்று முறை விண்ணப்பம்.
மூன்றாவதில் ஓர் ஆச்சரியக்குறி.
பழைய எண்தான், ஆனாலும் எடுத்தாள்.
பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.
"அந்தப் பாடத்தில் நான் தேறவே இல்லை" என்றாள்.
கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.
"இப்போது சால்மன் தொழிற்சாலை. நானும் மீனோடுதான்."

வைத்துவிடுவாள் என்று நினைத்த நேரத்தில் கேட்டாள்:
"டிகுவேன்யே பற்றி அதில் இருக்கிறதா?
மரத்தில் ஆரஞ்சு உருண்டையாகக் காய்க்குமே."
நூற்றுப் பதினாலாம் பக்கம். வாசித்தேன்.
அக்டோபரில் தோன்றும், என்கிறது நூல்.
"தப்பு. எங்கள் பக்கம் செப்டம்பரிலேயே வந்துவிடும்.
அதைத்தான் நான் எழுதவிருந்தேன்."
இடைவேளை மணி அடித்தது போலும்,
வைத்துவிட்டாள்.

புத்தகத்தில் எழுதக் கூடாது, விதி.
ஒரு சீட்டில் எழுதி அந்தப் பக்கத்தில் வைத்தேன்:
செப்டம்பரிலேயே. சொன்னவர் ர. அந்திலெயோ.
அதை மிர்த்தாவிடம் நான் சொல்லவில்லை.
சொன்னது வேறு:
"இல்லை" என்று அனுப்பும்முன்
எண்ணை ஒருமுறை மாற்றிப் போட்டுத் தேடலாமே.
எழுதிக் கொடு என்றாள்.
கொடுத்தேன். கணினி ஓரத்தில் டேப் போட்டு ஒட்டினாள்,
கொஞ்சம் கோணலாக.

கிடைத்தவை பத்தொன்பது.
இரண்டாம் கோட்டுக்கு அது போதும்.
கிடைக்காத நாற்பத்து நான்கையும்
எங்கெங்கே தேடியாயிற்று என்ற குறிப்போடு
படிவத்தின் பின்பக்கம் எழுதினேன்.
படிவம் அலுவலகத்துக்குப் போய்
அங்கேயே தூங்கும், தெரியும்.
அதனால் ஒரு நகல் எடுத்து
பார்கோடு சுருளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
அடுத்து வருகிறவர் மூன்றாம் வாரத்துக்குள்
எப்படியும் அந்தச் சுருளைத் தூக்குவார்.

மூன்றாம் கோடு காலியாகவே இருக்கிறது.
வாசலில் வாளி தளும்புகிறது.
இன்று அது நாவுவெலின் முறை.
இருந்தும் எழுந்து போகிறேன்.
கொட்டிவிட்டு வந்துதான் கையெழுத்து.